அந்தப் பக்கமும் அய்யோ

சுக்குக் கண்ணு,

சுக்மணி என்று முழுசாகச் சொல்ல வாய் வராமல்தான் உன்னைச் சுக்கு ஆக்கினேன். இன்றைக்கும் காப்பிச் செடிக்குள் நின்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் பக்கத்துச் செடியில் பழம் பறித்த பிள்ளை. உன்னை முட்டிய காட்டுமாடு எந்தப் புதரிலிருந்து வந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அதெப்படி முடியும்? உன் டீ டம்ளர் இன்னும் கழுவாமல் இருந்ததே.

நீ ஜார்க்கண்டிலிருந்து வந்த புதிதில், செவ்வெறும்புக் கூடு நம் தலையில் உதிர்ந்தது. இரண்டு பேரும் ஒன்றாக "அய்யோ" என்றோம். எனக்கு உன் பாஷை தெரியும் என்று நினைத்து, நீ உங்கள் குடுக் பாஷையில் மளமளவென்று பேச ஆரம்பித்தாய். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தமிழ் கொஞ்சம் வந்த பிறகு சொன்னாய், உங்கள் ஊரில் வலித்தாலும் அதுதான், அம்மாவைக் கூப்பிடுவதும் கிட்டத்தட்ட அதுதான் என்று. என் மாமியாருக்கு அந்தச் சொல்லே ஆகாது.

"ஊட்டுக்குள்ள அதைச் சொல்லாத சாமி. எமன் பொண்டாட்டி பேரு அது."

"எங்க ஊட்டுல அம்மாங்க. அப்ப எமன் எனக்கு அப்பாங்களா?" என்றாய். மாமியாரே சிரித்துவிட்டார்.

மிளகு ஏற்ற வரும் லாரிக்காரர் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதுதான் என்றார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், ஐயா என்பதிலிருந்து வந்தது, தகப்பனைக் கூப்பிடுவது என்றார். எது சரியோ. வலித்தால் பெற்றவர்களைத்தானே கூப்பிடுவோம்.

உன்னைப் பெட்டியில் வைத்து ஊருக்கு வண்டி ஏற்றி அனுப்பிய அன்று சாயங்காலம் என் போன் அடித்தது. உன் போனில் சார்ஜ் இல்லாத நாளெல்லாம் இதிலிருந்துதானே அம்மாவிடம் பேசுவாய், அந்த நம்பர்தான். உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் எஸ்டேட்டிலிருந்து உங்கள் ஊர்க்காரர் மூலம் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"எடுக்காதீங்கக்கா, வண்டி போய்ச் சேந்ததும் தெரிஞ்சுக்கட்டும்" என்றார் மேஸ்திரி.

பெற்றவளுக்கு வாசலில் பெட்டி இறங்கித்தான் தெரிய வேண்டுமா? எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, அவர்களுக்குத் தமிழும் தெரியாது, எனக்குக் குடுக்கும் தெரியாது. "சுக்மணி, சுக்மணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். செத்துப்போனாள் என்பதற்கு உன் பாஷையில் என்ன? அதை நீ எனக்குச் சொல்லித் தரவில்லை. ஊட்டுக்குள் நின்றுகொண்டு, மாமியார் எதிரிலேயே, "அய்யோ" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அந்தப் பக்கத்திலிருந்தும் அதே சொல் வந்தது, கண்ணு. நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமியார் என்னைத் திட்டாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். போனை வைக்காமல் இரண்டு பக்கமும் அழுதோம்.

இப்போது தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு உன் அம்மா கூப்பிடுகிறார்கள். அவர்கள் பாட்டுக்குப் பேசுகிறார்கள், நான் மழையையும் பழத்தையும் சொல்கிறேன். வைக்கும் முன் மட்டும் ஒன்றையே கேட்கிறார்கள், தினமும் அதே வார்த்தைகள். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். உங்கள் பேச்சு தெரிந்தவர்கள் இந்த மலையில் இப்போது யாருமில்லை. "ஆமாங்கம்மா" என்கிறேன். அதற்கப்புறம்தான் வைக்கிறார்கள்.

எந்த வேலையில் இருந்தாலும் அந்தப் போனை அடித்து ஓய விடமாட்டேன், இது சத்தியம். ஆனால் எதற்கு ஆமாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சுக்கு?

உன் கூடப் பிறக்காத அக்கா,
செல்வி