அப்பா பிடித்து வைத்திருக்கிற இடம்

அன்புள்ள அரைக்கண்ணிக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், என் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. அது மட்டும் இன்னும் மனந்திரும்பவில்லை. நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் உன் கடிதத்துக்குள் எனக்கென்று மடித்து வைத்திருந்த சீட்டைப் படித்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. ஒன்பது நாளாகப் பேப்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பெரிய கடிதத்தை அப்பா வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். போனில் நீ என்ன கத்தினாலும் அவர் காதில் ஏறாது, உன் கடிதம்தான் அவருக்கு உன் குரல். சீட்டை நீ சொன்னபடி நான் காட்டவில்லை, சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் அந்தப் பக்கம் வந்தால் கையை ஒடிப்பேன் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பதால் இந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

இங்கே புதுசாகச் சொல்ல அதிகமில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, உலகத்துக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவர் சொந்த மகளின் உடுப்பை இரண்டு தடவை பிரித்துத் தைத்துவிட்டார். மேல்வீட்டு நர்ஸம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், சும்மா இருக்கத் தெரியாமல் தினமும் மாடிப்படியைக் கழுவிவிடுகிறார், அதில் வழுக்காமல் இறங்குவதற்கே தனியாக ஒரு ஜெபம் வேண்டியிருக்கிறது. போன வாரம் கட்டிலுக்கடியில் இருந்த உன் பழைய பெட்டியை ஒழித்தேன். அதில் குழந்தை டாக்டர் வீட்டு டோக்கன் அட்டை ஒன்று கிடந்தது, மூன்றாம் நம்பர். எப்படியோ நாம் திருப்பிக் கொடுக்காமல் வந்திருக்கிறோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மழைக்காலம் வந்தாலே உனக்கு மூச்சு இழுக்கும், அப்போதெல்லாம் அப்பா ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே டாக்டர் வீட்டுக்குப் போய் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவார். நான் உன்னைப் போர்வையில் சுற்றிக்கொண்டு சாவகாசமாக எட்டு மணிக்குப் போவேன். எங்களைக் கண்டதும் எழுந்து, புள்ள வந்துட்டா, இது அவ எடம், இவ்வளவு நேரம் அவளுக்காகத்தான் இருந்தேன் என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நிற்பார். வேலை பார்த்த களைப்பில் நின்றபடியே தூங்கவும் செய்வார். உனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது.

ஆனால் சாயங்கால ஜெபம் ஞாபகம் இருக்கும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாம் நாலு பேர், மூடி வைத்த பாத்திரங்கள், அப்பாவின் நீண்ட ஜெபம். உலகத்திலுள்ள ராஜாக்களிலிருந்து தொடங்கி நம் தெருவுக்கு அவர் வந்து சேர்வதற்குள் குழம்பு ஆறிப்போகும். பெரிய மீன் துண்டைத் தம்பி தட்டுக்கு இழுத்துவிடுவானோ என்று நீ ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பாய், அதைப் பார்த்துத்தான் அப்பா உனக்கு அரைக்கண்ணி என்று பேர் வைத்தார். அப்படியானால் அவரும் கண்ணைத் திறந்துதானே இருந்திருக்கிறார் என்று நீ மடக்கினாய். பாட்டில் மூடி அடிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருஷம் நின்ற காது அவருடையது. காது மங்க மங்கச் சத்தம் ஏறியது. தான் மெதுவாகப் பேசுவதாகத்தான் அவர் நினைப்பு.

பதினான்கு வயதில் உன் பள்ளிக்கூடத் தோழிகள் படிக்க வந்த அன்று அவர்களுக்காகவும் ஜெபித்து, கணக்கில் நீ பதினோரு மார்க் வாங்கியதையும் ஆண்டவரிடம் முழுச் சத்தத்தில் முறையிட்டாரே, அந்தப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களே, அதற்கு நீ அழுத அழுகை எனக்கு மறக்கவில்லை. அன்று ராத்திரி ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்தாய், அப்பா, நீங்க ஜெபம் பண்ணா எல்லாருக்கும் கேக்குது, எனக்கு வெக்கமா இருக்கு, இனிமே மனசுக்குள்ள பண்ணுங்க என்று. அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதன் பிறகு மேசையில் நான்தான் வாய்விட்டு ஜெபிப்பேன், அவர் தலையைக் குனிந்திருப்பார். அப்பாவுக்குக் கோபம் என்று நீ கொஞ்ச நாள் நினைத்தாய், பிறகு பழகிவிட்டது. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லையடி. உனக்குத் தெரியாத மீதிக் கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் உன் சீட்டுக்கு என்னால் பதில் எழுத முடியாது.

மறுநாள் காலை ஐந்து மணியிலிருந்து அவர் மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு முழங்காலில் நின்று, இங்கே காக்கையைத் தவிர யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில் மனம்விட்டு ஜெபிக்கிறார். தொட்டிக்குப் பின்னாலேயே நம் கட்டிடத்துச் சமையலறைகளுக்கெல்லாம் காற்று வருகிற கூண்டு இருப்பதை அவர் யோசிக்கவில்லை. அவர் மேலே ஆண்டவரே என்று சொன்னால் கீழே தையல்காரர் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்து இறங்குகிறது. பதினைந்து வருஷமாக இந்தக் கட்டிடத்தில் யாருக்கும் யாருடைய ரகசியமும் மிச்சமில்லை. என் பல்லுக்காக அவர் ஜெபித்த அன்று, இந்தப் பல்லோடு அவ கோவத்தையும் சேத்துப் பிடுங்கிடும் ஆண்டவரே என்றார், அரைமணி நேரத்தில் நர்ஸம்மா கிராம்புத் தைலத்தோடு வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காதே, நீ என்றைக்கு ஏழு மணிக்கு முன்னால் சமையலறைப் பக்கம் தலை காட்டியிருக்கிறாய்.

முதலில் ஒரு தடவை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நர்ஸம்மாதான் மேலே ஏறிப் போனார். போன நேரம் அவர் நர்ஸம்மாவின் மகனுக்காகக் கண்ணீர்விட்டு மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறார், அந்தம்மா சத்தம் காட்டாமல் இறங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து எல்லோரும் வாயைப் பூட்டிக்கொண்டோம். உனக்கும் சொல்லவில்லை, நீ இன்னொரு சீட்டு எழுதிவிடுவாயோ என்று எனக்குப் பயம். போன மாதம் அவர் காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டார். தையல்காரர் நாலு நாளும் தாமதமாகத்தான் கடை திறந்தார், அவருக்கு அலாரமே இதுதானாம். மூன்றாம் நாள் நர்ஸம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்ப எழுந்திருப்பாரு, எங்க பேரையெல்லாம் யாரு சொல்றது என்று என்னிடம் கேட்டார். உன்னுடைய அந்தப் பழைய சீட்டு இன்னமும் அவருடைய வேதாகமத்துக்குள் இருக்கிறது. இத்தனை வருஷமாக உன் சொல்லைத் தட்டாமல் இருப்பதாக அவருக்கு நினைப்பு.

இப்போது உன் சீட்டுக்கு வருகிறேன். உன் வார்டில் இருந்த அந்தக் குழந்தைக்காக நாற்பது நாள் ஜெபித்தாய், ஊசி போடும்போதெல்லாம் ஜெபித்தாய், அது போய்விட்டது, அதன் கட்டிலுக்கு நீயே வேறு விரிப்பு மாற்றினாய். நாலு மாதமாக முழங்கால் போட்டால் ஒரு வார்த்தையும் வரவில்லை, ஆலயத்துக்கும் போகவில்லை, அப்பாவிடம் சொல்லாதே, உடைந்துபோவார் என்று எழுதியிருக்கிறாய். மகளே, அந்தக் குழந்தை ஏன் போனது என்று எனக்குத் தெரியாது. போதகரிடம் கேட்டால் ஏதாவது சொல்வார், அவர் நல்ல மனுஷன், ஆனால் அந்த விரிப்பை மாற்றிய கைக்கு அது போதுமா என்று எனக்குச் சந்தேகம். எனக்கே ஆண்டவர்மேல் வருத்தம்தான். பாத்திரம் கழுவும்போது அவரிடம் சொல்லவும் செய்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மேலே அப்பா ஆரம்பித்தார். ராஜாக்களை அன்றைக்கு விட்டுவிட்டார், எடுத்த எடுப்பிலேயே உன் பேர்தான். நீ வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து கடிதத்தின் கடைசியில் அப்பாவுக்கு என்று போட்டு, ஜெபிக்க வேண்டியதை மூன்று வரி எழுதுவாயே, இந்தக் கடைசி நாலு கடிதங்களில் அது இல்லை. நான் கவனிக்கவே இல்லை. அவர் சொல்கிறார், ஆண்டவரே, நாலு கடிதமா அவ எதுவுமே கேக்கல, ஒண்ணும் கேக்காம இருக்கிற புள்ள இல்ல அவ, உமக்கே தெரியும், உம்மகிட்டயும் அவ பேசறதில்லைன்னு நினைக்கிறேன், காரணம் எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் மாட்டேன். அப்புறம், இது அவ எடம், அவளுக்காகத்தான் இருக்கிறேன், அவ வந்ததும் நான் ஒதுங்கிக்கிறேன் என்றார். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடிவிட்டது. கீழே தையல்காரர் வீட்டில் தண்ணீர்க் குழாயை மூடினார்கள், மேலே நர்ஸம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார். அவர் ஆமென் என்றபோது மூன்று சமையலறைகளிலும் ஆமென் சொன்னோம். அவருக்குத்தான் அது கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் கடைசியில் உனக்குப் பதிலாக ஜெபிக்கிறார், நான் இன்னிக்கு டியூட்டிக்குப் போறேன் ஆண்டவரே, எனக்குக் களைப்பா இருக்கு, என்கிட்ட இருக்கிற புள்ளைங்களைப் பாத்துக்கும் என்று நீ பேசுகிற மாதிரியே. நான் ஒன்றும் சொல்லவில்லை, உன் சீட்டு டப்பாவுக்கு அடியிலேயே இருக்கிறது. நீ உடனே முழங்கால் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கண்ணை முழுசாக மூடச் சொல்லவுமில்லை, நீ என்றைக்கு மூடினாய். நேரத்துக்குச் சாப்பிடு, டியூட்டி முடிந்து வந்ததும் காலை வெந்நீரில் வை, அந்தக் குழந்தையின் தாயை எங்காவது பார்த்தால் ஒதுங்கிப் போகாமல் அவள் கையைப் பிடித்துக்கொள்.

நாங்கள் விட்ட இடத்திலிருந்து கர்த்தர் உன்னைச் சுமந்துகொள்வாராக. உன் கை தொடும் பிள்ளைகளையும், வார்த்தை வராத உன் வாயையும் அவர் ஆசீர்வதிப்பாராக. நான் சொன்னேன் என்று அப்பாவுக்கு எழுதிவிடாதே, அடுத்த கடிதத்தின் கடைசியில் பழையபடி அப்பாவுக்கு என்று போட்டு ஒரே ஒரு வரி எழுது, உன் அறையின் மின்விசிறி ஓடவில்லை என்றிருந்தாலும் போதும். உன் இடம் எங்கேயும் போகாது, அவசரமில்லை. ஆனால் மழை தொடங்கிவிட்டது, சாக்கு நனைந்துவிடுகிறது, அவருக்கு முழங்கால் வலி.

என்றும் உன் அன்பு
அம்மா