வாசனை உண்டு, விலக்கப்பட்டது

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்கு வரும்போதெல்லாம் இந்த ஸலாத்தை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அதற்குமேல் அங்கே நின்று உங்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். பக்கத்தில் யாராவது நிற்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

இலக்கம் போடாமல் எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் வருபவை:

1. அலுமாரியில் அகப்பட்ட போத்தல்.
2. நீங்கள் வீடு வீடாகவும் நான் கிணறு கிணறாகவும் போனது.
3. பரீதாவின் பெயர் வெட்டப்பட்டது.
4. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் உண்மை தற்செயலாக வெளிப்பட்டது.

முதலாவது. போன கிழமை மகள் என்னுடைய பழைய அலுமாரியை வெறுமையாக்கித் தரச் சொன்னாள். கீழ்த்தட்டில், சோதனைத் தாள்களுக்குப் பின்னால், ஒரு கபில நிறப் போத்தல் இருந்தது. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கலவை மருந்து ஊற்றித் தருவார்களே, அந்த மாதிரிப் போத்தல். இறப்பர் மூடி கல்லாகிவிட்டிருந்தது. ஒட்டியிருந்த துண்டில் என் கையெழுத்து: ‘வாசனை உண்டு. விலக்கப்பட்டது.’ உள்ளே ஒரு துளியும் இல்லை. ஆனாலும் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் மணக்கவில்லை.

இரண்டாவது. சூறாவளி நம் கரையை அடித்துப்போட்டதற்கு அடுத்த வருஷம். நான் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கல்விக் கந்தோரில் வேலை. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளின் வீட்டைத் தேடிப் போய், காரணம் விசாரித்து, மறுபடியும் வகுப்பில் கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் உத்தியோகம். உங்கள் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால் போதும், “புள்ளபுடிகாரன் வாறான்டா!” என்று பிள்ளைகள் வேலிக்கு மேலால் பாய்வார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே சைக்கிளைச் சாத்துவீர்கள்.

“ஓடுற புள்ளைக்குச் சுகம் மாஸ்டர். ஓடாமக் குந்திக்கொண்டிரிக்கிற புள்ளயத்தான் நான் தேடி வந்த.”

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஓடாத பிள்ளைகள் ஆறேழு பேர் இருந்தார்கள். சிறுபோக வேளாண்மைக் காலத்தில் ஒரு மாதமளவு சத்தியெடுப்பும் தலைச்சுற்றும் வயிற்றுவலியும். பிறகு தானாகவே சுகம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தார்கள். பெரும்போகம் தொடங்கியதும் மறுபடியும் படுத்துவிட்டார்கள். இதை முதலில் கண்டவர் நீங்கள். உங்கள் வரவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி டொக்டரிடம் போனீர்கள். காரைதீவைச் சேர்ந்த அந்த டொக்டர் பிள்ளைகளின் கண் இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கண்மணி சுருங்கிக் கிடக்கு. வயலுக்கு எண்ணெய் அடிக்கிற ஆக்களுக்கு வாற குணங்குறி இது. இந்தப் புள்ளைகள் வயல் பக்கமே போறதில்லையே?”

எண்ணெய் என்று நம் பக்கத்தில் சொல்வது பூச்சிமருந்தை. அந்தப் பிள்ளைகளின் வாப்பாமார் மாவடிப்பள்ளிப் பக்கம் வயல்களுக்கு மருந்தடிக்கப் போகிறவர்கள். பிள்ளைகள் போவதில்லை. அப்படியானால் நஞ்சு எந்த வழியால் வருகிறது?

அந்தக் கேள்வியோடு இருவரும் என் ஆய்வுகூடத்துக்கு வந்தீர்கள். டொக்டர் மேசையில் தாளம் போட்டபடி, “நாங்க மூணு பேரும் ஒண்டா எழுதினா அது ஆராய்ச்சி. தனித்தனியா எழுதினா பெட்டிசம்” என்றார். பல்கலைக்கழகத்தை விட்டு வந்த பிறகு ஆராய்ச்சி என்ற சொல்லை ஒருவர் என்னை நோக்கிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாளே குறிப்பெழுதக் கொப்பி தைத்துவிட்டேன்.

என் வாதம் எளிமையானது. வயல் நீர் மண்ணுக்குள்ளால் ஊறிக் கிணற்றுக்கு வந்தால், மருந்தோடு உரமும் சேர்ந்து வரும். மருந்தைக் கண்டுபிடிக்க என்னிடம் கருவி இல்லை. உரம் வந்திருந்தால் நைத்திரேற்றுப் பரிசோதனை காட்டும். கிணறுகளுக்கு மேற்கிலிருந்து கடல்வரை இலக்கமிட்டேன். போத்தல்களைக் கொதிநீரில் அவித்தேன். என்னுடைய சுத்தமான கயிற்றில் கட்டி, நானே இறக்கி, நானே எடுத்தேன். வீட்டு வாளியைத் தொடவே மாட்டேன். வாளியில் என்ன பட்டிருக்குமோ, யாருக்குத் தெரியும்? இந்த வசனத்தை அப்படியே கொப்பியிலும் எழுதி வைத்திருந்தேன். நான் வருகிறேன் என்று தெரிந்தால் பெண்கள் கிணற்றடியை எனக்கு விட்டு, வாளியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

நீங்களோ கடப்படியைத் தாண்டியதும் முதலில் கேட்பது தண்ணீர். ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் கதை. எனக்கு எந்த வீட்டுத் தண்ணீரையும் வாயில் வைக்கப் பயம். உம்மாமார் மூக்குப்பேணியை நீட்டும்போது, “நோன்பு” என்று சொல்லித் தப்பிவிடுவேன். சுன்னத்தான நோன்பு என்று அவர்கள் நினைத்து, துஆச் செய்யச் சொல்வார்கள். அந்தப் பொய்களை அல்லாஹ் மன்னிக்க வேண்டும். நீங்கள் மட்டும் நம்பவில்லை.

“மாஸ்டருக்கு வேணாம் ராத்தா. நமக்கு றமழான் ஒரு மாசம். அவருக்குப் பன்னிரண்டு மாசம்.”

எல்லாக் கிணறும் சுத்தமாக வந்தது. ‘தண்ணீர் குடிக்க உகந்தது’ என்று துண்டுகளில் எழுதிக் கையெழுத்திட்டு, வீட்டுக்கு வீடு கொடுத்தேன். கையெழுத்தை மிகக் கவனமாகப் போட்டேன்.

மூன்றாவது. பரீதா எட்டாம் வகுப்பு. என்னிடம் விஞ்ஞானம் படித்தாள். உப்பு கரைந்தால் எங்கே போகிறது என்று கேட்டு, நான் சொன்ன பதில் போதாது என்று மறுநாள் திரும்ப வந்து கேட்டவள். அந்த ஒழுங்கையில் ஆகக் கூடுதலாகப் படுத்தவளும் அவள்தான். இதற்குமேல் வராவிட்டால் இடாப்பிலிருந்து பெயரை வெட்டுவதாக அதிபர் சொல்லிவிட்டார். நீங்கள் என்னிடம் வந்து, “எட்டாம் வகுப்புல பேர் வெட்டுப்பட்டா, அந்தக் குமரத் திரும்ப எந்த வாப்பா அனுப்புவாரு மாஸ்டர்? கலியாணம்தான்” என்றீர்கள். கையில் இந்தப் போத்தல் இருந்தது. அவள் வீட்டில் உங்களுக்குக் குடிக்கத் தந்த தண்ணீரை அப்படியே இதில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தீர்கள்.

நான் மூடியைக் கழற்றி முகர்ந்தேன். மண்ணெண்ணெய் போன்ற, அதைவிடக் கசப்பான ஒரு மணம்.

“தண்ணி மணக்குது மாஸ்டர்.”

“போத்தல் மணக்குது காக்கா. இதை யார் அவித்தது?”

“ஒருத்தரும் அவிக்கல்ல. கழுவின.”

“எந்தக் கிணறு? எத்தனை மணிக்கு? யார் அள்ளியது?”

“புள்ள குடிக்கிற தண்ணி. அது காணாதா?”

காணாது, போதாது என்றேன். அதே கிணற்றிலிருந்து நான் எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது என்று கொப்பியைத் திறந்து காட்டினேன். பிறகு, உங்கள் கண் முன்னாலேயே இந்தத் துண்டை எழுதி ஒட்டினேன். நீங்கள் அதை வாசித்தீர்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள். ஒரு கிழமை கழித்து அதிபர் சிவப்பு மையால் பரீதாவின் பெயரை வெட்டினார்.

நான்காவது. ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்து கட்டித் தழுவி முஆனகா செய்யும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்:

“பெருநாளைக்கும் அடுத்த ரெண்டு நாளைக்கும் நோன்பு ஹறாம்தானே மாஸ்டர்?”

“அடுத்த மூன்று நாளைக்கு” என்று திருத்தினேன். “எல்லாமாக நான்கு நாட்கள்.”

“அப்ப நாளைக்கும் ஏலா?”

“ஏலாது.”

“சரி. நாளைக்கு அஸருக்குப் பிறகு வாறன். ஒரு நடை போயிட்டு வருவம்.”

மறுநாள் வெள்ளைச் சேட்டோடு வந்தீர்கள். கையில் பட்டியல் இல்லை. வானம் மழைக்குக் கட்டியிருந்தது. ஒழுங்கைக்குள் நுழைந்ததும் முதல் வீட்டுக் கடப்படியிலிருந்து, “காக்கா, வாங்களன், வட்டிலப்பம் இரிக்கி” என்று கூப்பிட்டார்கள். “திரும்பி வரக்குள்ள வாறன்” என்றீர்கள். அடுத்த வீட்டிலும் அதே பதில். வட்டிலப்பத்தைக் கடந்து நீங்கள் நடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. நேரே பரீதாவின் வீட்டுக்குத்தான் போனோம்.

அவளுடைய உம்மா கதவுக்குப் பின்னால் நின்று சுகம் விசாரித்தா. “புள்ள, மாஸ்டருக்குத் தண்ணி அள்ளிக் குடு” என்று நீங்களே குரல் கொடுத்தீர்கள். புதுப் பெருநாள் சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்த பரீதா கிணற்றடிக்குப் போனாள். தகரம் நீரில் அடிக்கும் சத்தம் கேட்டது. மூக்குப்பேணியில் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

“நோன்பு” என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல முடியாது. இரண்டு கையாலும் வாங்கினேன். பிஸ்மி சொல்லி வாய்க்குக் கொண்டுபோனேன். அந்த மணம்.

பேணியைக் கீழே வைத்தேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“என்ன மாஸ்டர்?”

“மணக்குது.”

“போத்தல் மணக்குதோ?”

நீங்கள் சிரிக்கவில்லை. நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். கயிற்று நுனியில் ஒரு புதுத் தகரம், கம்பியால் பிடி கட்டியிருந்தது. மண் போட்டுத் தேய்த்ததில் எழுத்தெல்லாம் போய்விட்டது. ஒரு மூலையில் சிவப்பு மண்டையோட்டின் பாதி மட்டும் மிச்சம்.

“நல்ல தகரம் மாஸ்டர்” என்றா உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து. “எங்கட வாளியெல்லாம் சூறாவளில போயிட்டு. எண்ணெ அடிக்கக்குள்ள இவர் ரெண்டு கொண்டு வருவாரு. பழசு கறள் புடிச்சா புதுசு. வடிவாக் கழுவித்தான் வைச்ச. காக்கா வந்து இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க, பள்ளிவாசல் கிணத்துல அள்ளுங்க எண்டு சொன்னாரு. நாங்க கேக்கல்ல. நீங்கதானே நல்ல தண்ணி எண்டு எழுதித் தந்தீங்க? அந்தா, குர்ஆனுக்குப் பக்கத்துல வைச்சிரிக்கம்.”

காக்கா, நான் எழுதியவற்றில் யாரும் அவ்வளவு மரியாதையாக வைத்திருந்த ஒன்று வேறு இல்லை. அந்தத் துண்டைத் திருப்பித் தரும்படி கேட்டேன். தகரத்தைக் கயிற்றிலிருந்து வெட்டியவர் நீங்கள்.

ஒவ்வொரு போகத்திலும் புதுத் தகரம், ஒவ்வொரு போகத்திலும் நோய். என் கயிறும் என் போத்தலும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகரத்தை விலக்கிவிட்டுச் சுத்தமான தண்ணீரை எடுத்துவந்தன. அன்று மாலையே டொக்டரிடம் போனோம். நான் வாய் திறப்பதற்குள், “மாஸ்டர் கண்டுபுடிச்சிட்டாரு!” என்றீர்கள். பெருநாள் கழிவதற்குள் அந்த ஒழுங்கைத் தகரங்களை எல்லாம் சேர்த்துவிட்டீர்கள். பள்ளிவாசலில் கதைத்து வாளிகளும் வாங்கிக் கொடுத்தீர்கள். டொக்டரின் கடிதத்தோடு நாம் இருவரும் அதிபரிடம் போனோம். வெட்டிய பெயரை வெட்டிய இடத்தில் எழுத முடியாது என்றார். பட்டியலின் கடைசியில் எழுதினார். அதன் பிறகு தினமும் இடாப்புக் கூப்பிடும்போது பரீதாவின் பெயர் கடைசியாக வரும். அவள் மட்டும் எழும்பி நின்று பதில் சொல்வாள். இப்போது அவளுக்குப் பேரப்பிள்ளைகள். அந்த ஒழுங்கை இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது.

ஆய்வறிக்கையை நான் எழுதினேன். டொக்டர் பெயரும் என் பெயரும் மேலே. உங்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி. வரவுப் பட்டியல் தந்தவர் ஆய்வாளர் ஆகமாட்டார் என்று எங்கோ படித்திருந்தேன். தகரத்தைப் பற்றிய பந்தி, ‘தற்செயலாக அவதானிக்கப்பட்டது’ என்று முடியும். கையெழுத்துப் பிரதியை உங்களிடம் வாசிக்கத் தந்தேன். அந்த இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் சிரித்தீர்கள்.

“நல்ல சொல் மாஸ்டர்.”

என் தமிழைப் பாராட்டுகிறீர்கள் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

இவ்வளவு காலமாக அந்தச் சொல்லை நான் சந்தேகிக்கவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவன் நான். இன்று இதை ஒழுங்காக எழுதி வரும்போதுதான், நடந்தவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்க்கிறேன். என்னைவிட நன்றாக மார்க்கம் தெரிந்த நீங்கள் நோன்பு எத்தனை நாள் ஹறாம் என்று என்னிடம் கேட்டது. வட்டிலப்பத்தைக் கடந்து நடந்தது. தண்ணீருக்கு நீங்களே குரல் கொடுத்தது. எப்போதும் முதல் மிடறைக் குடிக்கிற நீங்கள் அன்று குடிக்காமல் என் முகத்தைப் பார்த்திருந்தது. உங்கள் சொல்லை அந்த வீடு கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் கையெழுத்தை என் வாயால்தான் திருப்பி வாங்க வேண்டியிருந்தது. அதற்கு, நான் பொய் சொல்ல முடியாத ஒரு நாள் உங்களுக்குத் தேவைப்பட்டது. அதை மார்க்கத்திலேயே தேடி எடுத்தீர்கள். பிறகு கண்டுபிடிப்பை என் பேரில் விட்டுவிட்டுப் போனீர்கள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் தருகிற தண்ணீரை முதலில் குடிக்கிறேன். பயம் போகவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். ஆனால் குடிக்கிறேன்.

நான்காவதாக எழுதியது பிழை, காக்கா. தற்செயல் அல்ல. அதை வெட்டப் போவதில்லை. வெட்டிய இடத்தில் எழுத முடியாது. அதனால் சரியானதை இங்கே, கடைசியில், எழுதுகிறேன்: கண்டுபிடித்தவர் நீங்கள்.