பொன்னாடையை நான் போர்த்தவில்லை

பெப். 10, செவ்வாய்.
மைனஸ் பதினெட்டு. மூச்சு விட்டால் அது கீழே விழுந்து உடைகிறது. காரைத் தோண்டி எடுத்தேன். பனிக்குள் இருந்து வந்தது என் கார்தானா என்று இன்னும் சந்தேகம். வாங்க வேண்டியவை: வாசல் பனியை உருக்க உப்பு, கறிக்கு உப்பு, கையுறை, முடிந்தால் ஒரு புது முதுகு.

பின்னேரம் கஜன் வந்தான். அக்காவின் மகன். பணக்காரப் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மாளிகை, உலகத்துக்கே பிஸ்கட் ஊட்டும் கொம்பனியில் உத்தியோகம். கொம்பனியைப் பற்றி ஊர்ச்சனம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது அவன் வேலை. சீனி ஏன் இவ்வளவு, பாமெண்ணெய் எந்தக் காட்டிலிருந்து, லொறிகள் ஏன் விடியப்புறம் உறுமுகின்றன... எதைக் கேட்டாலும் "உங்கள் அக்கறைக்கு நன்றி" என்று தொடங்கி அதே நன்றியில் முடிப்பான். நடுவில் ஒன்றும் இராது. பிஸ்கட்டுக்காவது நடுவில் கிரீம் உண்டு.

சனிக்கிழமை செயின்ட்-மிஷேலில், தொழிற்சாலைக்குப் பக்கத்து மண்டபத்தில், கொம்பனி பொதுமக்களுக்கு நேரிலேயே பதில் சொல்லப் போகிறதாம். ஐரோப்பாவிலிருந்து பெரிய துரை வருகிறார். தமிழர் சார்பில் நான் பொன்னாடை போர்த்தி, ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். கேள்வியையும் அவனே கொண்டு வந்திருந்தான்: பிஸ்கட் பெட்டியை மறுசுழற்சி செய்யலாமா?

"இதுக்குப் பதில் பெட்டியிலேயே கிடக்கே, தம்பி."

"அதுதான் மாமா உதைக் கேக்கச் சொல்லுறன்."

ஒப்புக்கொண்டேன். பொன்னாடை இல்லாமல் கூட்டம் நடத்த எங்கள் இனத்துக்குத் தெரியாது. குழாய் திருத்த வந்தவனுக்கே ஒருமுறை போர்த்தியிருக்கிறோம். அவன் அதைக் குளிருக்கு என்று நினைத்து நன்றி சொன்னான்.

பெப். 11, புதன்.
குளிர் கொஞ்சம் இரக்கம் காட்டியது. மைனஸ் ஒன்பது. கோடைகாலம்.

மலர் வேலையால் வந்து கால்களை வெந்நீரில் வைத்திருந்தாள். என் இல்லத்தரசி, என் நிதியமைச்சரும் அவளே. என் பென்ஷன் அந்த இரண்டு உப்புக்கும் காணும், வீட்டை ஓட்டுவது அவள் உழைப்பு. வேலை கஜனின் அதே கொம்பனியில். மூன்றாம் லைன், பிஸ்கட் அடுக்குவது. ஏழு வருடம். ஆனால் கொம்பனியின் ஆள் இல்லை, ஏஜென்சியின் ஆள். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தினமும் பின்னேரம் போனில் மெசேஜ் வரும். ஒவ்வொரு மார்கழியும் நத்தாருக்கு நிற்பாட்டி, பொங்கலுக்குப் பிறகு புது ஆள் என்று எடுப்பார்கள். அவள் இதுவரை அடுக்கிய பிஸ்கட்டில் நடந்தே சந்திரனுக்குப் போகலாம். அங்கே தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடவும் மிஞ்சும். அவள் இன்னும் புது ஆள்.

துரையிடம் இதைக் கேட்கவா என்றேன்.

"இஞ்சாருங்கோ, என்ரை வேலையிலை விளையாடாதேங்கோ. பெட்டியைப் பற்றிக் கேட்டுட்டு வாங்கோ."

ஓம் என்றேன். நாக்கு மட்டும்தான் ஓம் என்றது. மற்ற உறுப்புகளிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

பெப். 13, வெள்ளி.
பொன்னாடைக்கு இஸ்திரி போட்டேன். பழைய ஆடை, மூன்று பேருக்குப் போர்த்தித் திரும்ப வாங்கியது. கண்ணாடி முன் ஒத்திகை. நான் அழகன்.

பெப். 14, சனி.
பனி கொட்டுகிறது.

மண்டபம் நிறைந்த சனம். வாசலில் இலவச பிஸ்கட், ஆளுக்கு இரண்டு. நான் கோட்டுக்குள் ஒரு கிராமத்துக்குத் தேவையான அளவு சேகரித்தேன். லொறிச் சத்தத்தில் பிள்ளை நித்திரை கொள்வதில்லை என்று ஒரு பெண் பிரெஞ்சில் கேட்டாள். அக்கறைக்கு நன்றி. கஜன் தயார் செய்து வைத்த இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்கு நீளமாக, அழகாகப் பதில்.

பிறகு என் முறை. துரை ஆறரை அடி, போர்த்த ஏணி வேண்டும். கஜன் முன்கூட்டியே பழக்கியிருந்தான் போல, மனிதர் கழுத்தை நீட்டிக் குனிந்து கொடுத்தார். ஆடையை விரித்தேன். அப்போதுதான் கண்டேன்: மூன்றாம் வரிசையில் மலர். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறாள். லைனில் போடும் தலைமயிர் வலையைக் கழற்ற மறந்திருந்தாள்.

பெட்டி மறந்து போயிற்று. என் மகத்தான ஆங்கிலத்தில் கேட்டேன்: "ஐயா, ஒரு மனுசி எத்தனை வருஷம் உங்கடை பிஸ்கட்டை அடுக்கினா உங்கடை ஆள் ஆவா?"

துரை குனிந்தபடியே பதில் சொன்னார். ஏஜென்சி ஆட்களுக்கு ஏஜென்சிதான் பொறுப்பாம். ஆனாலும் எல்லோரும் ஒரே குடும்பமாம்.

"குடும்பம் எண்டால் நல்லது. எத்தினையாம் வருஷத்திலையிருந்து?"

நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பொன்னாடை விழாமல் நிமிரலாமா கூடாதா என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்வரிசையில் கஜன் இரண்டு கையாலும் போர்த்துங்கோ, போர்த்துங்கோ என்று காட்டினான். நான் போர்த்தவில்லை. நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்தேன். பதில் வந்ததும் கொண்டு வருகிறேன் என்று சொல்லி இறங்கினேன். பின்வரிசையில் சில பெண்கள் கை தட்டினார்கள். நெற்றியில் வலையின் தழும்பு உள்ளவர்கள். மலர் தட்டவில்லை.

காரில் ஒரு வசனம் மட்டும்.

"ஓம் எண்டு சொன்னனீங்கள்."

பெப். 15, ஞாயிறு.
வெயில், பொய் வெயில். பின்னேரம் மெசேஜ்: நாளைக்கு வேலை இல்லை. மலர் போனை என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நேற்று ஏழு கடலைக் கடந்த வீரம் இன்று பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது.

கேட்டதற்கு வருத்தமில்லை. நூறு தரம் கேட்பேன். ஆனால் கேட்டது நான், வேலை போனது அவளுக்கு. இந்தக் கணக்குத்தான் பிடிக்கவில்லை.

பெப். 16, திங்கள்.
இன்றும் அதே மெசேஜ். மலர் அடுப்பை இரண்டு தரம் கழுவினாள். ஏற்கெனவே சுத்தமான அடுப்பு.

மத்தியானம் லைனில் பக்கத்தில் நிற்கும் ஹைட்டிப் பெண் போன் எடுத்தாள். அரை மணி நேரம் பிரெஞ்சு. திடீரென்று குசினிக்குள் சிரிப்பு. என்னவென்று கேட்டேன். சனிக்கிழமைக்குப் பிறகு என்னோடு முதல் பேச்சு:

"லைனிலை எல்லாரும் ஆளை ஆள் கேக்கினமாம், நீ எத்தினையாம் வருஷத்துப் புது ஆள் எண்டு. ஒருத்தி பதினொண்டாம்."

பெப். 17, செவ்வாய்.
மைனஸ் இருபது. கஜன் வந்தான், சப்பாத்தைக் கழற்றவில்லை. துரை ஊருக்குப் போய்விட்டாராம், பிரச்சினை போகவில்லையாம். வழி ஒன்று வைத்திருந்தான். கொம்பனியின் இணையத்தளத்தில் பொதுமக்கள் கேள்விப் பக்கம். அதில் நான் எழுத வேண்டும்: சனிக்கிழமை கேட்டது தவறான விளக்கத்தால், மன்னிக்கவும், நன்றி. பேந்து அவன் ஏஜென்சியோடு கதைப்பானாம்.

சண்டமாருதமாக எழும்பினேன். மலரைப் பார்த்தேன். இருந்தேன்.

"மலர், நீர் சொல்லும். உமக்காக எழுதுறன்."

இதைச் சொல்ல எனக்கு இமயமலையைத் தூக்குவதை விடக் கஷ்டம். இது மிகையில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள். ஒற்றை விரலால் தட்டினாள். எட்டிப் பார்த்தேன். அதே கேள்வி. "ஒரு மனுசி" என்று நான் கேட்ட இடத்தில் அவள் "நான்" என்று போட்டிருந்தாள்.

கஜன் கண்டுவிட்டான். "மாமி, பேர் போடாமலும் அனுப்பலாம்."

முழுப் பெயர். மூன்றாம் லைன். ஏழு வருடம். விரலை எடுத்து, இன்னொரு தரம் வாசித்து, அனுப்பினாள்.

பிறகு அவனைப் பார்த்து, சத்தம் போடாமல்:

"உன்ரை மேசைக்குத்தானே வரும்? நன்றி எண்டு தொடங்காதை, தம்பி."