அம்மாவுக்கு வந்த அழைப்புகள்

இரும்புலியூர்

அன்பு மகள் சோயாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் சுகம், அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க துவா செய்கிறோம். பருப்புப் பொடிப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். ஃபோனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் பதறுவாய். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால் நிதானமாகப் படி.

நீ பிடிவாதம் பிடித்து என்னை எம்.ஏ.வில் சேர்த்தாயே, வகுப்பில் எல்லோரும் உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள், ஆன்ட்டி ஆன்ட்டி என்று ஒட்டிக்கொண்டார்கள், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பொங்கல் லீவு முடிந்ததும் தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்தது. முதலில் பேச்சே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் ஒருநாள், "இன்னைக்கு நீலத் துப்பட்டா எடுப்பா இருந்துச்சு" என்றான். யுனிவர்சிட்டிக்குள்ளேயே யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ப்ளாக் செய்தால் வேறு நம்பரில் வந்தான். இந்த வயதில் இதை யாரிடம் சொல்வது என்று கூச்சம், உன் அத்தாவுக்குத் தெரிந்தால் படித்தது போதும் என்பாரோ என்று அதைவிடப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தாவே ஃபோனை எடுத்துவிட்டார். கேட்டுவிட்டு வைத்தார், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்ப இருந்து இது" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.  கேட்டு முடித்ததும், "நாளைக்குக் கடை தொறக்கல, உன்கூட வரேன், நீ க்ளாஸ மட்டும் விட்டுடாத" என்றார். நான் வேறு எதற்கோ மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன் கண்ணு, அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் அவர் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார். ஏன் வந்திருக்கிறார் என்று பக்கத்தில் உட்காரும் ஜெயஸ்ரீயிடம் சொன்னேன், அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. தன் ஃபோனை எடுத்துக் காட்டினாள், அதே நம்பர். வீட்டில் சொன்னால் காலேஜையே நிறுத்திவிடுவார்கள் என்று அவளும் வாயைத் திறக்கவில்லையாம். சாயங்காலம் வகுப்பு விட்டபோது மறுபடி எனக்கு வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டுத் தன் ஃபோனில் பதிவு செய்தாள், நான் வைக்காமல் பேச்சை வளர்த்தேன். அவன் குரலுக்குப் பின்னால், "பல்லாவரம் வண்டி எடுக்குறோம், சீக்கிரம் ஏறுங்க" என்று டிரைவர் கத்தியது கேட்டது. எங்கள் யுனிவர்சிட்டி பஸ்தான். பஸ் பாஸுக்கு எழுதிக் கொடுத்தபோது எங்கள் நம்பரையும் கொடுத்தது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

பாஸ் எழுதுகிற இடத்துக்கு நாங்கள் நேராகப் போகவில்லை. பெண்கள் புகார் கமிட்டி மேடத்திடம் போனோம், அத்தாவும் கூட வந்தார். ஏன் எடுத்தீர்கள், ஏன் பேசினீர்கள் என்று அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடனே விசாரித்ததில் பாஸ் எழுதுகிற தற்காலிக ஆள்தான் என்று தெரிந்தது, அந்த சிம் எல்லாம் அவன் பையிலேயே இருந்தன. அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், போலீஸிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஜெயஸ்ரீ வீட்டுக்குப் போகவே பயந்தாள். நாங்கள் இருவரும் அவளோடு வண்டலூர் போனோம். அவள் அப்பா லோகநாதன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா பயம்" என்றார். நிறுத்திவிடுவீர்கள் என்றுதான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.  "ஆமா, நிறுத்தித்தான் இருப்பேன்" என்றார் அவர். அப்புறம் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நாளைக்குப் போய்ட்டு வா" என்றார். பொய் சொல்லாமல் ஒத்துக்கொண்ட அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

உனக்கும் அங்கே இப்படி ஏதாவது வந்தால் முதலில் எங்களிடம் சொல். கிளம்பி வா என்று சொல்ல மாட்டோம், அத்தாவும் இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார். பொடியை ஈரக் கரண்டி படாமல் வை. இறைவன் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பானாக.

உன் பிரியமுள்ள அம்மா,
சாஹிரா ஹனீஃபா, எம்.ஏ. முதலாம் ஆண்டு