அந்தக் கடிதத்தில் இருந்த சார்ஜ்

அண்ணே,

பஞ்சாயத்து ரேடியோவின் பாட்டரியை இன்று பள்ளிக்கூட வாசலில் இறக்கினார்கள். திராவக நெடி மூக்கில் ஏறியது. "சார்ஜ் ஏத்தியாச்சு சார்" என்றான் கொண்டுவந்தவன். சட்டென்று உங்கள் முகம் வந்துவிட்டது. போன மாதம் நீங்கள் இறந்த செய்தி வந்தபோதுகூட இப்படி வரவில்லை.

சாயல்குடிப் பக்கத்து இந்தப் பள்ளியில் அப்போது நாம் இரண்டே பேர். நீங்கள் தலைமை ஆசிரியர், நான் உதவி. எங்கள் புஞ்சையில் மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் இல்லையென்று ஒரு நாள் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டேன். மறுநாள், முந்தின நாளும் வந்ததாக வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். பார்த்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னை அரித்தது.

அடுத்த வாரம் இங்கிலீஷில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். என் பெயரும் பக்கத்தில் 'சார்ஜ்' என்ற சொல்லும் கண்ணில் பட்டன. கையால் மறைத்தீர்கள்.

"என்னண்ணே எழுதுறீக?"

"ஒண்ணுமில்லப்பா. முடிவானதும் சொல்லுறேன்."

பஸ் சார்ஜ், பாட்டரி சார்ஜ், பொறுப்பு, குற்றச்சாட்டு, எல்லாப் பொருளும் எனக்குத் தெரியும். மனசு கடைசியைத்தான் பிடித்துக்கொண்டது. அதன்பின் நீங்கள் கருவாட்டுக் குழம்பைப் பங்கு வைத்தால், எதற்கு இந்தத் திடீர்ப் பாசம் என்று பார்த்தேன். தபால்காரர் உங்களிடம் சிரித்தால் திக்கென்றது.

பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். நீங்கள் வகுப்பில் இருந்தபோது நான் முந்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் பரமக்குடி பஸ்ஸுக்காக அரை மணி முன்னதாகவே பள்ளியை விடுகிறீர்கள் என்றேன். அங்கே படுக்கையில் கிடந்த உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் குறித்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "பரமக்குடிக்கு மாறுதல் கேட்டிருக்காரு. நம்பிக்கையான ஆளு, உங்ககிட்டயே சார்ஜைக் கொடுக்கணும்னு எழுதியிருக்காரு. நீங்க இப்படிச் சொல்றீங்க?"

அப்போதும் நான் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

உங்களைத் தனுஷ்கோடிக்குத் தூக்கி அடித்தார்கள். அம்மா கண்மூடியபோது நீங்கள் பக்கத்தில் இல்லை.

கிளம்பிய அன்று பள்ளிச் சாவியை என் கையில் வைத்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னீர்கள்: "வெள்ளிக்கிழமை விஷயத்த எவனோ போட்டுக் கொடுத்திருக்கான். சூதானமா இரு தம்பி. அடுத்து உன்னையத்தான் சொல்லுவான்."

"சரிண்ணே" என்றேன். உங்களிடம் நான் கடைசியாகப் பேசிய சொல் அதுதான்.