அத்தா என்றுதான் கூப்பிட்டாள்

2004 ஜூலை 9, வெள்ளி

கறிக்கடைக்காரன் இன்றைக்கும் எலும்பாகவே போட்டுவிட்டான். நிறுக்கும்போது ரொம்ப அன்பாகப் பேசினான், அப்போதே எனக்குத் தெரியும்.

முத்துப்பேட்டையிலிருந்து போன் வந்தது. பேத்திக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை சுஹைபுக்கு துபாயில் ஒரு மாதம்தான் லீவு கொடுத்திருக்கிறார்களாம். ஆகஸ்ட் 29 நிக்காஹ். வேறு ஊர்ச் சம்பந்தம் என்பதால் நம் ஜமாஅத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். பெண் எங்கள் மஹல்லாதான், தடை ஒன்றும் இல்லை என்று. எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறதுதான். ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருகிறேன் என்று மருமகள் ஹபீபா சந்தோஷமாகச் சொன்னாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருஷம் ஜமாஅத் தலைவர் ஜெகபர் அலி.

ஜூலை 11

கடிதம் தரவில்லை.

பழைய மினிட் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டே பேசினாராம். "தொண்ணூத்தி ரெண்டுல போட்ட தீர்மானம் அப்படியே நிக்குதும்மா. உங்க மாமியார் அன்னைக்கு வந்து ரெண்டு வரி எழுதிக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். அவங்க வீம்பு அவங்களுக்கு. இப்ப பொண்ணு பெரிய மனுஷி. அதுவே எழுதட்டும். தெரியாம அந்தச் சாமியக் கூப்பிட்டுட்டேன், தௌபா செய்யிறேன், அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

பேத்தி இர்ஃபானா முடியாது என்றுவிட்டாள். "நான் சொல்லாததுக்கு நான் ஏம்மா தௌபா செய்யணும்?"

"ஊரே காதால கேட்டுச்சேடி!"

"கேட்டா?"

ஹபீபா தலையில் அடித்துக்கொண்டாள். இர்ஃபானா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூலை 12

எழுதித்தான் பார்க்கணும். ஐந்தாம் வகுப்புப் படிப்பு என்னுடையது. பினாங்கில் இருந்த வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி எழுதி வந்த கையெழுத்து. ஆனால் மறதி என்பது எனக்குக் கிடையாது. அதுதான் என் கஷ்டம்.

1990. கண்ணாடி போட தஞ்சாவூர் போயிருந்தோம். திருவையாற்றில் ஷூட்டிங் நடக்கிறது என்று ஆட்டோக்காரன் சொன்னான். நான்தான் பார்க்கணும் என்றேன். இர்ஃபானாவுக்கு அப்போது ஐந்து வயது. படித்துறையில் நின்று அந்த கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். உதவி டைரக்டர் வைத்தியலிங்கம் என்று ஒருத்தன், ஒல்லியாக, வெற்றிலைப் பல்லோடு வந்தான். "பாட்டி, பாப்பாவ ரெண்டு நாளைக்கு எங்ககிட்ட விடுறீங்களா?"

மகன் சலாஹுதீன் ஜித்தாவில் இருந்தான். அவனைக் கேட்காமல் வேண்டாம் மாமி என்று ஹபீபா கெஞ்சினாள். என் மகனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

ரெண்டு நாள் ரெண்டு வருஷம் ஆனது. ஐந்து படம். பேபி தேன்மொழி என்று பெயர் வைத்தார்கள். திருவிழாவில் தொலைந்துபோனாள், பாம்பு கடித்துப் பிழைத்தாள், பிரிந்த அப்பா அம்மாவைச் சேர்த்துவைத்தாள். போஸ்டரில் கதாநாயகிக்குப் பக்கத்திலேயே என் பேத்தி முகம். மெட்ராஸில் எனக்கு நாற்காலி போடுவார்கள், பாட்டிக்கு டீ கொண்டா என்பார்கள். பொய் எழுதக் கூடாது — எனக்கு அது பிடித்திருந்தது. அதுவரைக்கும் யாரும் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டதில்லை.

ஜூலை 13

ஐந்தாவது படம் அம்மன் படம். தாராசுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கோயில் மாதிரி செட் போட்டிருந்தார்கள். இவளுக்கு ஊமைப்பிள்ளை வேஷம். கடைசியில் சிலைக்கு முன்னால் நின்று அழுது, முதல் வார்த்தையாக 'அம்மா' என்று கத்தணும். அதோடு பேச்சு வந்துவிடும்.

காலையிலிருந்து எடுத்தார்கள். அழுகை வரவில்லை. கிளிசரின் போட்டுக் கண் வீங்கியதுதான் மிச்சம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டைரக்டர் எல்லோரையும் திட்டினார். வைத்தியலிங்கம் என்னிடம் ஓடி வந்தான். "பாட்டி, வெளிச்சம் போவுது. நீங்க ஏதாவது சொல்லுங்க. பிள்ளை அழுதாப் போதும்."

பிள்ளையைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்க் காதில் சொன்னேன். என்ன சொன்னேன்? எழுது ஜன்னத், எழுது.

"உங்க அத்தா மௌத்தாப் போயிட்டாரும்மா. சவூதியிலேர்ந்து போன் வந்துச்சு."

என் வாயால். நான் பெற்ற பிள்ளையை. உயிரோடு இருக்கிறவனை.

பிள்ளை என்னையே பார்த்தாள். அப்புறம் விழுந்தடித்து ஓடினாள். விளக்கு எரிகிற இடத்துக்குத்தான் ஓடத் தெரிந்தது, வேறு எங்கே போகும்? அங்கே நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். அத்தா!

நம் வீடுகளில் தகப்பனை அத்தா என்போம். அங்கே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் காதில் ஆத்தா என்று விழுந்தது. டைரக்டர் எழுந்து குதித்தார். "எழுதினதவிட நல்லா இருக்குய்யா! யாருய்யா சொல்லிக் குடுத்தா?" யாரும் இல்லை என்றார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இன்னும் ஒரு ஷாட் இருக்கிறது, பிள்ளை அப்படியே இருக்கட்டும் என்றான் வைத்தியலிங்கம். இருக்கட்டும் என்று விட்டேன். ரெண்டு மணி நேரம். ஆறு வயசுப் பிள்ளை ரெண்டு மணி நேரம் தகப்பன் இல்லாமல் இருந்தது. அப்புறம்தான், சும்மா சொன்னேம்மா என்றேன். அவள் என்னை அடிக்கக்கூட இல்லை.

ஜூலை 14

மீதியையும் எழுதிவிடுகிறேன்.

டப்பிங்கில் எத்தனை தடவை கத்தச் சொல்லியும் அந்தக் குரல் வரவில்லை. தோப்பில் பிடித்த குரலையே படத்தில் வைத்தார்கள். படம் நன்றாக ஓடியது. டைரக்டர் ஒரு பத்திரிகையில் சொல்லிவிட்டார்: தேன்மொழி இஸ்லாமியக் குழந்தை, நாங்கள் எழுதியது அம்மா, அவள் தானாகவே ஆத்தா என்று அழைத்தாள், அது அம்மன் அருள். பக்கத்திலேயே என் போட்டோ, சிரித்துக்கொண்டு.

ஜமாஅத் கூடியது. எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றுதான் சொன்னார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஜெகபர் அலி என் வாசலில் நின்று, "கூத்தாடி வீட்டுல நான் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார். என் மகன் கல்யாணத்தில் மூன்று தடவை பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனுஷன்! அந்த வார்த்தைக்காகத்தான் போகவில்லை என்று இத்தனை வருஷம் எல்லாரிடமும் சொன்னேன். பொய். போனால், பிள்ளை ஏன் அத்தாவைக் கூப்பிட்டது என்று கேட்பார்கள். அதற்காகத்தான் போகவில்லை.

ஜித்தாவில் ரூமில் பத்துப் பேரோடு உட்கார்ந்து சலாஹுதீன் அந்த கேசட்டைப் பார்த்திருக்கிறான். "அம்மா, எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இனி அவள் நடிக்க வேண்டாம்" என்று எழுதினான். நிறுத்தினோம். அதன் பிறகு வந்த கடிதங்களில் மகளைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். லீவில் வந்தபோதும் தள்ளித்தான் வைத்திருந்தான். அவனைத்தானே கூப்பிட்டாள்? உன்னைத்தான்டா கூப்பிட்டாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டாமா? அடுத்த லீவில் சொல்லலாம், அடுத்த லீவில் சொல்லலாம் என்று —

96இல் கம்பெனி வேன் கவிழ்ந்தது. அங்கேயே அடக்கிவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை.

இர்ஃபானாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்தான் சொன்னேன். அதே மாதிரிதான் சொல்ல வேண்டியிருந்தது, போன் வந்துச்சு என்று. பதினோரு வயசுப் பிள்ளை என் காதோடு கேட்டது: "இந்தத் தடவ எந்தப் படத்துக்கு நன்னிமா?"

அவள் அழவே இல்லை. காசு கொடுத்தால்தான் இவளுக்குக் கண்ணீர் வரும்போல என்று தெருவில் பேசினார்கள். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

நாம் ஒன்று சொல்லும்போது வானத்து மலக்குகள் ஆமீன் சொல்லிவிடுவார்கள், நல்லதையே பேசு என்று என் தாயார் சொல்வார்கள். அந்தத் தோப்பிலும் சொல்லியிருப்பார்களா?

ஜூலை 16, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. டிவியில் அந்தப் படம். வருஷா வருஷம் போடுகிறான். அந்த இடம் வரும்போது நான் கொல்லைக்குப் போய்விடுவேன். இன்று பக்கத்து வீட்டில் சத்தமாக வைத்திருந்தார்கள்.

ஜூலை 25

மாப்பிள்ளையின் தாயார் மறுபடியும் பேசினார்கள். குரலில் பழைய இனிப்பு இல்லை. ஆகஸ்ட் 6 ஜும்ஆவுக்குள் கடிதம் வரவில்லை என்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்களாம். சுஹைப் லீவை வீணாக்க முடியாதாம்.

ஹபீபா மகளின் காலைப் பிடிக்காத குறை. "ஒரு கையெழுத்துதானேடி! உன்னை என்ன நடிக்கவா கூப்பிடுறாங்க?"

"அதுவும் நடிப்புதாம்மா."

ஜூலை 28

துணி மடித்துக்கொண்டிருந்தபோது இர்ஃபானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நன்னிமா, ஏன் ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கிறீங்க? நான் சொல்லிடுவேன்னு பயமா?"

மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தேன்.

"கல்யாணம் நின்னாலும் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா? தெரிஞ்சா இந்த வீட்டுல இருப்பாங்களா?"

"அப்ப நீ?"

"எனக்குப் பழகிடுச்சு" என்று சிரித்தாள். படித்துறையில் சிரித்த மாதிரி இல்லை.

பத்தொன்பது வயசுப் பெண் அறுபத்தெட்டு வயசுக் கிழவியை மூடி வைத்துக் காப்பாற்றுகிறாள். தூ. நான் எல்லாம் ஒரு பொம்பளையா?

ஆகஸ்ட் 4

ஜமாஅத்துக்கு நானே எழுதுகிறேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. முதல் தாளில் வைத்தியலிங்கம் சொல்லச் சொன்னான் என்று எழுதினேன். பதின்மூன்று வருஷமாக அவனைத்தான் சபித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவன் 'ஏதாவது' என்றுதான் சொன்னான். மிட்டாய் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பூச்சாண்டி என்று சொல்லியிருக்கலாம். மௌத்து என்று எடுத்தது நான்.

நாலாவது தாளில் அவன் பெயர் இல்லை.

ஊருக்குத் தெரியும் முன்னால் ஹபீபாவுக்குத் தெரியணும்.

ஆகஸ்ட் 5

சொன்னேன். அடுப்பில் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. முழுவதும் கேட்டாள்.

"என்ன வார்த்த சொன்னீங்க மாமி? அதே மாதிரி சொல்லுங்க."

வேண்டாம் ஹபீபா என்றேன்.

"உங்களுக்குத்தான் எதுவும் மறக்காதே. சொல்லுங்க."

சொன்னேன். அடுப்பை அணைத்தாள். "அஞ்சு வருஷத்துல நெசமாக்கிட்டீங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆணத்தில் புளி போடவில்லை என்று கவனம் வந்தது. போட்டேன். வேறு என்ன செய்வது?

ஆகஸ்ட் 6, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமாஅத் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். ஜெகபர் அலி கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படித்தார்.

"அத்தாவா?"

"அத்தாதான்."

அவர் நிமிரவே இல்லை. "எம் மக கோலாலம்பூர்லேர்ந்து போன் பண்ணா மொத வார்த்த அதான்" என்றார். அப்புறம், "அன்னைக்கே சொல்லியிருந்தா நம்ம சலாஹுதீன் —" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். என் தாளை வாசித்துக் காட்டவில்லை. மடித்து மினிட் புத்தகத்துக்குள் வைத்தார். கடிதத்தில் சீல் வைத்து என் கையில் கொடுத்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். அந்தக் கணக்கு வேறு.

ஆகஸ்ட் 10

ஹபீபா பேசவில்லை. தட்டு வருகிறது, போகிறது.

ஆகஸ்ட் 17

நம் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் முருகையன் வந்தான். மேட்டூர் திறந்துவிட்டார்களாம், சம்பாவுக்கு விதை விடவா என்று கேட்டான். விடு என்றேன். நாலைந்து நாளில் நான் பேசிய ஒரே வார்த்தை.

ஆகஸ்ட் 22

அத்தாவின் கடிதங்களைத் தாங்க நன்னிமா என்று இர்ஃபானா கேட்டாள். கட்டோடு கொடுத்துவிட்டேன். மத்தியானம் அறைக் கதவுக்குப் பின்னால் அழுகைச் சத்தம். முதலில் ஹபீபா என்றுதான் நினைத்தேன். இல்லை. ஹபீபா, "அழு, நல்லா அழு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷம் கழித்து.

நான் உள்ளே போகவில்லை. போக எனக்கு என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 29, ஞாயிறு

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. முத்துப்பேட்டைக்காரர்கள் ஐந்து வேனில் வந்தார்கள். இறால் போதவில்லை என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருத்தர் சொன்னார். முகத்தைக் குறித்துக்கொண்டேன்.

பெண்ணை அனுப்பும் நேரத்துக்கு முன்னால் ஹபீபா சமையல்கட்டுப் பக்கம் வந்தாள். இருபத்து நாலு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. "மாமி, அவ கிளம்பும்போது நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். துஆகூட வேணாம். சும்மா நில்லுங்க."

சரி என்றேன். அவள் சொன்னதில் தப்பில்லை.

எல்லாப் பெண்களும் வாய் நிறைய வாழ்த்தினார்கள். நான் தூணோடு நின்றேன். இர்ஃபானா வேனில் ஏறக் கால் வைத்தவள் திரும்பி வந்தாள். நகையெல்லாம் குலுங்க என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏதாவது சொல்லுங்க நன்னிமா."

ஹபீபாவைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஹார்ன் அடித்தார்கள்.

"நீங்க சொல்லாம நான் ஏற மாட்டேன்."

ஹபீபா சரி என்று தலையாட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"போயிட்டு வாம்மா" என்றேன். அவ்வளவுதான்.

வேன் போய் மூன்று மணி நேரம் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அஸர் தொழுதேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். போன் அடித்தது. ஹபீபா எடுத்தாள். மெதுவாகப் பேசினாள். வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் நான் இருக்கிற இடத்துக்கு நடந்து வந்தாள்.

"வீட்டுக்குப் போயிட்டாங்களாம்" என்றாள். "நல்லா இருக்காளாம்."