ஊருக்கு ஒரு நம்பர்

ஆவணி 7, திங்கள்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போனது. முகூர்த்த மாதம், வேலை தலைக்கு மேல்.

பாக்கி:
– கல்யாணப் பெண் ஜாக்கெட் 4 (ஆரி வேலை முடிந்து வந்துவிட்டது, தைக்கணும்)
– டீச்சரம்மா சுடிதார், இடுப்பு பிடிக்க
– சரோஜா அண்ணி நைட்டி, ஜிப் மாற்ற (என்னோடு பேசமாட்டாள், மகளிடம் கொடுத்தனுப்புவாள், காசும் தரமாட்டாள்)
– நூல்: மயில்கழுத்துப் பச்சை, வெங்காயக் கலர்

இன்று வந்த ஓ.டி.பி.: குணா அக்காவுக்கு கேஸ் சிலிண்டர். பட்டு பெரியம்மாவுக்கு பென்ஷன். யாருக்கென்றே தெரியாமல் ஒன்று. தெருவில் நின்று கத்தினேன், "யாருக்குப்பா பேங்க்லேருந்து?" மீன் ஏலம் விடுகிற மாதிரி. கடைசியில் பார்த்தால் ஐஸ் கம்பெனிக்காரர் மகனுக்கு.

நானாகக் கேட்டு வாங்கின பதவி இல்லை இது. எங்கள் குப்பத்துக்கு ஆதார் எடுக்க வந்தபோது சமுதாயக் கூடத்தில் கேம்ப் போட்டார்கள். என் கடைக்கு நேர் எதிர். செல் நம்பர் ஒன்று சொல்லியே ஆகவேண்டும் என்றார்களாம். போன் வைத்திருந்த ஆம்பிளைகள் கடலில், இல்லாவிட்டால் கேரளாவில். என் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் என் விளம்பரம்: செல்வி லேடீஸ் டெய்லர், கீழே செல் நம்பர். வரிசையில் நின்றவர்கள் அதையே படித்துச் சொல்லிவிட்டார்கள். மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்தேன். ஜாக்கெட் ஆர்டர் கொடுக்கத்தான் நம்பர் குறிக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். கிறுக்கி.

இப்போது பாதிப்பேர் வீட்டில் போன் இருக்கிறது. ஆனால் சிம் மாற்றுவார்கள், ரீசார்ஜ் போடாமல் விடுவார்கள், தண்ணீரில் போடுவார்கள். மாறாமல் இருப்பது என் நம்பர் ஒன்றுதான். கொல்லத்தில் மீன்பிடி போட்டு வேலைக்குப் போயிருக்கும் என் வீட்டுக்காரரைப் பார்க்க ஒருநாள்கூடப் போக முடியவில்லை. போனால் இங்கே பத்து வீட்டு வேலை நின்றுவிடும்.

சாயங்காலம் கயல் வந்தாள், அண்ணன் மகள், சரோஜா அண்ணி பெற்றது. நர்சிங் கவுன்சிலிங் லிஸ்ட் இந்த வாரம் வருமாம். அவள் கொடுத்திருப்பதும் என் நம்பர்தான். அண்ணன் போன் அண்ணனோடு கடலுக்குப் போய்விடும். "மெசேஜ் வந்தா ஒடனே கூப்புடு அத்த, தூங்குனாலும் எழுப்பு." அண்ணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். அதிலிருந்து நர்ஸ் ஆகணும் என்பதே பேச்சு. எனக்கே பிரஷர் பார்க்க வருவாள், மெஷின் இல்லாமல், நாடியைப் பிடித்துக்கொண்டு. இனி க. என்றே எழுதுகிறேன். கத்தரி பிடித்து விரல் வலிக்கிறது.

ஆவணி 8, செவ்வாய்

மழை மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. பெய்யவில்லை.

போனில் 'சேவை இல்லை'. அணைத்துப் போட்டேன். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். மாடியில் ஏறி நின்றேன். பக்கத்து வீட்டுப் போனில் சிக்னல் முழுசாக இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை.

மதியத்துக்குள் கடை வாசலில் கூட்டம். ஒருத்திக்கு ரேஷன் கார்டில் பேர் சேர்க்கணும், ஒருத்திக்கு கேஸ். பட்டு பெரியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள், "எங்க ஓ.டி.பி.ய எல்லாம் நீயே வச்சிக்கினியாடி?"

"ஆமா பெரியம்மா, வறுத்துத் தின்னுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. க. மட்டும் சிரிக்கவில்லை.

ஜாக்கெட் 1 முடிந்தது. கை வைத்ததில் சுருக்கம், பிரித்துத் தைக்கணும்.

ஆவணி 9, புதன்

சிதம்பரம். கடைக்குப் பூட்டு. கல்யாண வீட்டார் திட்டுவார்கள், திட்டட்டும்.

கீழவீதிப் பக்கம் சிம் கடை. கவுண்டர் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி கம்ப்யூட்டரை. "அக்கா, ஒங்க நம்பர்ல எத்தன பேரு இருக்காங்க தெரியுமா? மோசடி நம்பருன்னு சிஸ்டமே கட் பண்ணிடுச்சு."

"நான் டெய்லருப்பா."

"எனக்குத் தெரியிது. சிஸ்டத்துக்குத் தெரியாதே."

ஆன்லைனில் புகார் கொடுத்தால் திரும்பக் கிடைக்குமாம். கொடுத்தான். கடைசிப் பக்கத்தில் கேட்டது: 'உங்கள் எண்ணுக்கு அனுப்பிய ஓ.டி.பி.யை உள்ளிடவும்'. எந்த எண்ணுக்கு? செத்துப்போன அதே எண்ணுக்கு. பையன் தலையைச் சொறிந்தான். கடலூர் ஆபீஸில் போய்க் கேளுங்கள் என்றான். நல்ல பையன், டீ வாங்கிக் கொடுத்தான்.

திரும்பி வந்தால் அண்ணன் வீட்டில் சத்தம். லிஸ்ட் வந்துவிட்டது. கிள்ளை கம்ப்யூட்டர் சென்டரில் க. பார்த்திருக்கிறாள். அரசுக் கல்லூரி. பி.எஸ்ஸி. நர்சிங். எங்கள் குப்பத்தில் யாரும் படிக்காத படிப்பு. அண்ணன் கரைக்கு வந்த கையோடு கொடுவா மீன் எடுத்துவந்துவிட்டான், விற்கவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் இருவருக்கும் இருந்த ஆறு வருடச் சண்டை ஒரு குழம்பில் போயிற்று.

சாப்பிட்டுக் கைகழுவும்போது க. மெதுவாகச் சொன்னாள். வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்குள் 'சம்மதம்' கொடுக்கணும். கொடுக்காதவர்கள் விலகியதாக எடுத்துக்கொள்வார்களாம். அந்தப் பக்கத்துக்குள் போகவே ஓ.டி.பி. வேண்டும்.

கடலூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அண்ணனைக் கேட்டேன்.

ஆவணி 10, வியாழன்

கடலூர். முதல் பஸ். நானும் க.வும். ஆலப்பாக்கம் தாண்டும்வரை நின்றுகொண்டே. வெயில் ஜாஸ்தி.

மஞ்சக்குப்பத்தில் இறங்கினால் ரோட்டை அடைத்து பேனர். எல்லாச் சேவையும் இனி உங்கள் விரல் நுனியில். ஒரு பெண் போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்னிடம் தைத்தவள் இல்லை, ஜாக்கெட் கழுத்து ஒரு பக்கம் ஏறியிருக்கிறது.

போன் ஆபீஸ். டோக்கன். ஏ.சி. குளிரில் க.வுக்குத் தும்மல். ஆபீஸர் தங்கமானவர், அதுதான் இன்னும் கஷ்டம். முழுதும் கேட்டார்.

"இந்த நம்பர வேற யாரும் யூஸ் பண்ணலன்னு எழுதிக் குடுங்கம்மா."

"ஊரே யூஸ் பண்ணுது சார்."

"அத எழுதுனீங்கன்னா கெடைக்கவே கெடைக்காது."

எழுதிக் கொடுத்தேன். என் நம்பரை நான் மட்டுமே பயன்படுத்துகிறேன், கையெழுத்து, செல்வி. மேலே அனுப்பிவிட்டார். எப்போது வரும் என்றதற்கு, "என் கையில இல்லம்மா, அது தானா வரும்."

"தானா போச்சு, தானா வருமா சார்?" என்று கேட்டுவிட்டேன். க. என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு கவுன்சிலிங் ஹெல்ப்லைன். டீக்கடைக்காரர் போனை வாங்கிப் பேசினோம். தமிழுக்கு ஒன்று. சந்தேகத்துக்கு நான்கு. காத்திருக்க ஒரு பாட்டு. கடைசியில் ஒரு அம்மா வந்தார். நம்பரை மாற்றிக் கொடுங்கள் என்றாள் க. பழைய நம்பருக்கு ஓ.டி.பி. போகும், அதைச் சொன்னால் மாற்றலாம் என்றார். நேரே சென்னை வரட்டுமா என்றாள்.

"நேர்ல வந்தா நாங்க இதே ஸ்கிரீனத்தாம்மா பாப்போம். மெயில் போடுங்க."

ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மெயில் போட்டோம். க. அழகாக எழுதினாள், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி. உடனே பதில் வந்தது. க. முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், அது வாடினதையும் பார்த்தேன். 'தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. பதில் தங்கள் பதிவு செய்த மொபைல் எண்ணுக்கு அனுப்பப்படும்.'

திரும்பும் பஸ். சிதம்பரம் வரப்போகும்போது க. கேட்டாள், "அத்த, அந்தக் கல்லூரில ஆஸ்டல் இருக்கும்ல?" இருக்கும் என்றேன்.

ஆவணி 11, வெள்ளி

வெயிலா மழையா கவனிக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கே சென்டரில் உட்கார்ந்துவிட்டோம். போனை மேஜைமேல் வைத்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், க. ஸ்கிரீனை. சேவை இல்லை, சேவை இல்லை, சேவை இல்லை. வேண்டிக்கொண்டேன், தில்லைக் காளிக்கு எண்ணெய்க்காப்பு. கிள்ளை மாதா கோவிலுக்கும் மெழுகுவர்த்தி. யாராவது ஒருவர் கேட்கட்டும்.

மதியம் அண்ணன் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. மீன் வாடை அடிக்கும் என்று கண்ணாடிக் கதவு போட்ட ரூமுக்குள் எங்கேயும் வரமாட்டான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரை அடித்தால் இது சரியாகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நாலரைக்கு மேல் க. ஓ.டி.பி. கேட்கும் ஆறு கட்டங்களில் தானாகவே நம்பர் போட ஆரம்பித்தாள்.

"இன்னாடி போடுற?"

"என் பொறந்த தேதி அத்த."

தவறு என்றது. அப்பா பிறந்த தேதி போட்டாள். தவறு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு எதையோ அடித்தாள். அதிக முயற்சிகள், மறுநாள் முயலவும் என்று வந்தது.

சென்டர்க்காரர் ஃபேனைக் கூட்டி வைத்தார். வேறு என்ன செய்வார் அவர்.

ஐந்து ஆனது. ஒரு சத்தமும் இல்லை. ஒரு சீட்டு போனால் ஏதாவது சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆவணி 13, ஞாயிறு

காலையில் தூறல். ஜாக்கெட் நான்கும் கொடுத்தாயிற்று. கல்யாணப் பெண் போட்டுப் பார்த்துக் குதித்தாள். எரிச்சலாக வந்தது, பாவம் அவளை என்ன சொல்ல.

அண்ணி தெருவில் எதிரே வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். குணா அக்கா மூலம் காதுக்கு வந்தது: "ஊருக்கெல்லாம் நம்பர் குடுத்தா, சொந்த அண்ணன் பொண்ணுக்கு வேலைக்கு ஆவுலியே." நான் யாருக்கும் கொடுக்கவில்லை. சுவரில் எழுதியிருந்தது. அதை யாரிடம் சொல்ல?

என் வீட்டுக்காரர் யாரிடமோ நம்பர் வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் செத்துப்போய்விட்டேனோ என்று பயந்தாராம். உயிரோடுதான் இருக்கிறேன், நம்பர்தான் செத்தது என்றேன். அழுகை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் போன், பேச்சை முடித்துக் கொடுத்துவிட்டேன்.

க.வைப் பார்க்கப் போகணும். கால் வரவில்லை.

ஆவணி 17, வியாழன்

புழுக்கம்.

க. வந்தாள். அவளாக. மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டினாள். ஒரே சீராக, மில்லிமீட்டர் பிசகாமல். ஊசி பிடிக்கிற விரலைப் பார்த்தேன். இந்த விரல் வேறு ஊசி பிடித்திருக்க வேண்டியது. 

அடுத்த வருஷம் மறுபடி அப்ளிகேஷன் போடலாம் என்று சொன்னேன். "ம்" என்றாள்.

பரங்கிப்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். அண்ணி அவசரப்படுகிறாள். படிக்க வைக்க முடியாததற்கு யாராவது ஒருத்தர் பதில் சொல்ல வேண்டும், அதைப் பெண்ணே சொல்லட்டும் என்று இருக்கிறது வீட்டில்.

போன் ஆபீஸிலிருந்து தகவல் இல்லை. இருந்தாலும் எந்த நம்பருக்கு வரும்.

ஆவணி 19, சனி

நல்ல வெயில். சமுதாயக் கூடத்தில் கேம்ப், ஆதாரில் செல் நம்பர் மாற்ற. நான் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போய்க் கொடுத்த மனுவால் வந்ததா, தானாக வந்ததா, தெரியாது. மேஜை, ரேகை வைக்கிற மெஷின், மைக்கில் ஒருவர்: "அவுங்கவுங்க சொந்த நம்பரக் குடுங்க, அடுத்தவங்க நம்பர் வேணாம்."

பெரிய வரிசை. என் சுவர் விளம்பரத்தின்மேல் நானே சுண்ணாம்பு அடித்துவிட்டேன். வரிசையில் முதல் ஆள் பட்டு பெரியம்மா. நம்பர் என்ன என்று ஆபரேட்டர் கேட்டதும் திரும்பி என் கடைச் சுவரைப் பார்த்தாள். வெள்ளை. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"என்னுது இல்ல பெரியம்மா, செத்துப்போச்சி."

க. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள்தான் அண்ணன் அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தான், மனசு ஆறட்டும் என்று. புது சிம். பெரியம்மா வரிசையை விட்டு வந்து வாசலில் நின்றாள். பின்னாலேயே இன்னும் நான்கைந்து பேர்.

"கயலு, ஒன் நம்பரச் சொல்லுடி. நீ இனிமே எங்க போப்போற, இங்கதான இருப்ப."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆசையாகத்தான் சொன்னாள். நான் தடுக்க வாய் திறந்தேன்.

க. எழுந்து வாசலுக்கு வந்தாள். ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக, எல்லோரும் எழுதிக்கொள்கிற மாதிரி சொன்னாள்.